துப்பாக்கியும் பாடு முறையும்: பாதுகாப்பைப் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் கட்டிய கெல்டிரியாக் கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிகத்திற்கு அதுவே நெடுங்காலம் தலைமை இடமாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் அங்கு வெடிமருந்து செய்யும் ஆலை ஒன்று இயங்கிற்று. இந்த ஏரிக்கரையில் அரைக்கப்பட்ட மருந்து பத்தாவியாவிலும் இலங்கையிலும் ஒல்லாந்தரின் பீரங்கிகளுக்கும் துப்பாக்கிகளுக்கும் இரையாயிற்று. இதே துறையிலிருந்து மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 1825ஆம் ஆண்டில் ஊர் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. கோட்டை அழிந்தது, ஆலையும் அழிந்தது. ஏரியை நம்பி வாழும் மீனவக் குப்பங்கள் மட்டும் நிலைத்து நிற்கின்றன.

வெடிமருந்தை ஏற்றுமதி செய்த ஊரின் குடிகள் தங்கள் பிழைப்பைத் துப்பாக்கியால் காத்துக்கொள்ளவில்லை. அவர்கள் அதை வேறொன்றினால் காத்துக்கொண்டனர். அந்த வேறொன்று யாது என்பதை அறிய முயல்வது, துப்பாக்கியைக் கைவிட இயலாதிருக்கும் ஒரு பெரிய நாட்டை விளங்கிக்கொள்ளவும் நமக்கு உதவும். நம் சபையாரில் பலருடைய மக்கள் இன்று ஐக்கிய அமெரிக்காவில் குடியேறி வாழ்கின்றனர். அங்கே பள்ளியிலோ ஆலயத்திலோ துப்பாக்கிச் சூடு நிகழ்ந்ததென்னும் செய்தி வரும்போதெல்லாம், அம்மக்கள் ஏன் அக்கருவியை விட்டொழிக்கவில்லை என்று பெற்றோர் ஆயரிடம் வினவுகின்றனர். "அது அவர்கள் நாட்டுப் பழக்கம்" என்று கூறி அமைவது விடையாகாது. பழக்கம் எவ்வாறு உண்டாகிறது, எதனால் நிலைக்கிறது என்று கேட்பதே சமூகவியலின் பணி.

1. கருவியும் அதன் பொருளும்

சிறுபடைக்கல ஆய்வு நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஐக்கிய அமெரிக்காவில் பொதுமக்களிடம் ஏறத்தாழ 39 கோடியே 30 லட்சம் துப்பாக்கிகள் இருந்தன. அதாவது, 100 பேருக்கு 120 துப்பாக்கிகள். ஆயினும் இவை எல்லாருடைய வீட்டிலும் பரவிக் கிடக்கவில்லை. 2023ஆம் ஆண்டில் பியூ ஆய்வு மையம் நடத்திய கணிப்பில், தமக்கெனத் துப்பாக்கி உண்டு என்று கூறியவர் வயதுவந்தோரில் மூன்றில் ஒரு பங்கினரே. எனவே, ஒரு சாராரிடம் பல துப்பாக்கிகள் உள்ளன; பெரும்பான்மையோரிடம் ஒன்றும் இல்லை.

இந்நிலையை வரலாற்று அறிஞர் ரிச்சர்டு ஹாப்ஸ்டாட்டர் 1970ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் "துப்பாக்கிப் பண்பாடு" என்று குறித்தார். அச்சொல் பின்னர் எங்கும் வழங்கலாயிற்று. ஆயினும் நெடுங்காலம் ஆய்வாளர் பலர் துப்பாக்கியைக் குற்றத்தோடும் சாவோடும் மட்டுமே இணைத்து நோக்கினர். வேக் பாரஸ்டு பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டேவிட் யமானே இப்போக்கைக் குறைகூறுகிறார். தாமே துப்பாக்கி வைத்திருக்கும் அவர், அதை வைத்திருப்போரில் மிகப் பெரும்பாலார் இயல்பான குடிமக்கள் என்றும், அவர்கள் அதற்கு என்ன பொருள் கொள்கின்றனர் என்று முதலில் கேட்டறிய வேண்டும் என்றும் வற்புறுத்துகிறார். இக்கருத்தை நாம் ஏற்பது நலம். மனிதரை விளங்கிக்கொள்ளாமல் அவர்களுக்குத் தீர்ப்பு வழங்குவது ஆயருக்கும் தகாது, ஆய்வாளருக்கும் தகாது.

கருவிக்குப் பொருள் தருவது சமூகமே என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. குடகு நாட்டுக் கொடவர், ஆங்கிலேயர் காலந்தொட்டுத் துப்பாக்கி உரிமச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள். அவ்விலக்கை நடுவண் அரசு 2019ஆம் ஆண்டில் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டியது. அவர்கள் ஆயுதங்களுக்கு மலர் சூட்டி வணங்கும் விழாவொன்றைக் கொண்டாடுகின்றனர். ஆண்குழந்தை பிறந்தால் ஒரு வேட்டும், சாவு நேர்ந்தால் இரண்டு வேட்டும் தீர்ப்பது அவர்கள் வழக்கம். அங்கே துப்பாக்கி குலத்தின் அடையாளம். மூதாதையரோடு கொண்ட பிணைப்பு. இரும்பும் மருந்தும் எங்கும் ஒன்றே. அதை ஏந்தும் கையின் பின்னே நிற்கும் உறவுகளே வேறுபடுகின்றன.

2. வேட்டையிலிருந்து காவலுக்கு

அமெரிக்கத் துப்பாக்கிப் பண்பாடு மாறாத ஒன்றன்று. 1999ஆம் ஆண்டில் துப்பாக்கி வைத்திருப்போரிடம் அதன் முதன்மையான நோக்கத்தை வினவியபோது, 49 விழுக்காட்டினர் வேட்டை என்றனர். 26 விழுக்காட்டினர் மட்டுமே பாதுகாப்பு என்றனர். 2013ஆம் ஆண்டில் இந்நிலை தலைகீழாயிற்று: 48 விழுக்காட்டினர் பாதுகாப்பு என்றும், 32 விழுக்காட்டினர் வேட்டை என்றும் விடையளித்தனர். சற்றே வேறு வகையில் வினவிய 2023ஆம் ஆண்டுக் கணிப்பில், பாதுகாப்பு ஒரு பெரிய காரணம் என்றவர்கள் 72 விழுக்காட்டினர். தந்தை மகனுக்குக் காட்டில் கற்றுக்கொடுத்த கருவி, முன்பின் அறியாதவனுக்கு எதிராக இடுப்பில் மறைத்துச் செல்லும் கருவியாயிற்று. இம்மாற்றத்தையே யமானே துப்பாக்கிப் பண்பாட்டின் இரண்டாம் வடிவம் என விளக்குகிறார்.

இம்மாற்றம் ஏன் நேர்ந்தது? சமூகவியலாளர் ஜெனிபர் கார்ல்சன், மிச்சிகன் மாநிலத்தில் மறைத்து ஏந்தும் உரிமம் பெற்ற ஆண்களோடு பழகி ஆராய்ந்து, 2015ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். டெட்ராய்ட், பிளின்ட் ஆகிய நகரங்களில் மோட்டார்த் தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வேலைகள் மறைந்தன, நகராட்சியின் கைகள் தளர்ந்தன. அழைத்தால் காவல்துறை உரிய நேரத்தில் வராது என்னும் எண்ணம் வலுத்தது. குடும்பத்திற்குச் சோறு போடுபவன் என்னும் தகுதியை இழந்த ஆண், குடும்பத்தைக் காப்பவன் என்னும் தகுதியைத் துப்பாக்கியின் வழியே மீட்டுக்கொண்டான். இவனை அவர் "குடிமகக் காவலன்" என்கிறார்.

இவ்விளக்கத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. "எனக்குத் தீங்கு நேரும்போது யார் வருவார்?" என்பது எல்லாச் சமூகத்தாரும் கேட்கும் கேள்வி. "ஒருவரும் வரமாட்டார்" என்று ஒருவன் முடிவு செய்தால், தன் கையை மட்டுமே நம்புவான். அந்த முடிவின் புறவடிவமே துப்பாக்கி. வலிமையைக் காட்டுவதற்கு என்பதினும், கைவிடப்பட்டோம் என்னும் உணர்வினாலேயே பலர் அதை ஏந்துகின்றனர்.

அவ்வுணர்வு வீட்டினுள்ளும் பகை தேடிக்கொள்கிறது. 2021ஆம் ஆண்டில் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். இவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். அயலானுக்கு எதிராக வாங்கிய கருவி, மனமுடைந்த ஒரு வேளையில் வாங்கியவன் மீதே, அல்லது அவன் பிள்ளை மீதே திரும்புகிறது.

யார் காவலன், யார் பகைவன் என்பதையும் சமூகமே வகுக்கிறது. 1791ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட இரண்டாம் அரசியலமைப்புத் திருத்தம் ஆயுதம் ஏந்தும் மக்களுரிமையைக் கூறுகிறது. ஆனால் தென்மாநிலங்களில் அடிமைப்பட்ட கறுப்பினத்தார் ஆயுதம் ஏந்தத் தடை இருந்தது; அவர்களைக் கண்காணிக்க வெள்ளையரின் ரோந்துப் படைகள் இருந்தன. 1967ஆம் ஆண்டில் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் கலிபோர்னியாவில் துப்பாக்கியோடு சட்டமன்றக் கட்டடத்தினுள் சென்றனர். குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடுக்கும் சட்டம் அவ்வாண்டே அங்கு நிறைவேறிற்று. உரிமை எல்லார்க்கும் என எழுதப்பட்டிருப்பினும், எல்லாருடைய கையும் ஒரே வகையாக நோக்கப்படவில்லை. அவ்வுரிமை தனிமனிதருடையதே என 2008ஆம் ஆண்டிலும், வீட்டிற்கு வெளியிலும் அது செல்லும் என 2022ஆம் ஆண்டிலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

3. நம் நாடு தெரிந்துகொண்ட வழி

நம் முன்னோர் இவ்வினாவை எதிர்கொள்ளாதவர்கள் அல்லர். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தால் ஆங்கில அரசு இந்தியரை நிராயுதபாணிகளாக்கியது. அது ஓர் இழிவு என்றே நாட்டு விடுதலைக்குப் பாடுபட்டோர் கருதினர். 1931ஆம் ஆண்டில் கராச்சியில் கூடிய காங்கிரசு, அடிப்படை உரிமைகளைப் பட்டியலிட்டபோது, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அதில் சேர்த்திருந்தது. 1948ஆம் ஆண்டின் இறுதியில் அரசியலமைப்பு அவையில் எச். வி. காமத் இவ்வுரிமையைச் சேர்க்குமாறு திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை எதிர்த்தார், அவையும் ஏற்கவில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே 19ஆம் பிரிவில் இடம் பெற்றது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என விதித்தது.

நேர்மையான வன்முறைக்கு அரசு ஒன்றே உரிமை கொண்டாடுவது தற்கால அரசின் இலக்கணம் என்று மாக்ஸ் வேபர் 1919ஆம் ஆண்டில் உரைத்தார். நாம் அவ்வழியைத் தெரிந்துகொண்டோம். ஆனால் ஏட்டில் எழுதிய சட்டம் எல்லார்க்கும் பாதுகாப்பு அளித்துவிடாது. இரவில் ஏரியின் நடுவே வலைகட்டும் மீனவனுக்குக் காவல் நிலையம் வெகு தொலைவு. அவனுடைய பிழைப்பைக் காப்பது எது?

4. ஏரியின் ஒழுங்கு

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து, நம் நாட்டின் மிகப்பெரிய உவர்நீர்க் காயல். அதன் பெரும்பகுதி ஆந்திராவிலும் தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. கடல்நீர் முகத்துவாரத்தின் வழியே ஏறுகிறது, இறங்குகிறது. அந்த ஓட்டத்தோடு இறாலும் மீனும் போய்வருகின்றன. ஆகவே முகத்துவாரத்தை அடுத்த நீர்ப்பகுதிகள் மிக வளமானவை. ஓட்டத்தின் குறுக்கே கழி நட்டு வலை கட்டுவோன் நல்ல இடத்தில் கட்டினால் ஓர் இரவிலேயே கை நிறையப் பெறுவான். அவனுக்குப் பின்னால் கட்டுவோனுக்கு ஒன்றும் கிட்டாது. எல்லாரும் ஒரே இடத்தில் முட்டி மோதினால் எவர்க்கும் பயனில்லை. வலியவன் வெல்லும் போர்க்களமாவதற்கு வேண்டிய காரணங்கள் யாவும் அங்கு உள்ளன.

அங்கு போரைத் தவிர்க்கத் தோன்றியதே பாடு முறை. செபாஸ்தியன் மேத்யூ உலக உணவு வேளாண்மை அமைப்புக்காக 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாக விளக்குகிறது. வலை கட்டும் இடம் தனி ஒருவனுக்குச் சொந்தமன்று. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்கள் இவ்விடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ஊரினுள்ளும் முறைப்படியும் சீட்டுப் போட்டும் இடம் ஒதுக்கப்படுகிறது. இன்று நல்ல இடம் கிடைத்தவன் நாளை மாற்றிக்கொள்வான். ஊர்ப்பட்டியலில் தலைக்கட்டாகப் பதிந்தவனுக்கே பாட்டில் பங்கு உண்டு. வரி கொடுப்பதும் ஊர்க்கூட்டத்திற்கு வருவதும் அவன் கடமை. மாதாக்குப்பம் என்னும் பெயரே உணர்த்துவதுபோல, இவ்வொழுங்கில் இந்துக்களும் கத்தோலிக்கரும் இணைந்துள்ளனர்.

இதனைச் சமூகவியல் நோக்கில் காணும்போது மூன்று செய்திகள் புலனாகின்றன.

முதலாவது, பாட்டில் ஒருவனுடைய பாதுகாப்பு மற்றவனுடைய நினைவில் இருக்கிறது. "இன்று உன் முறை, நாளை என் முறை" என்பதை ஊரார் யாவரும் அறிவர். என் உரிமைக்குச் சான்று என் கையில் இல்லை. என் அயலானுடைய வாயில் இருக்கிறது. குடிமகக் காவலனோ தன் உரிமைக்கான சான்றைத் தன் இடுப்பிலேயே சுமக்கிறான்.

இரண்டாவது, பாடு முறை நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நடப்பதன்று. முறை தவறியவனுக்குப் பஞ்சாயத்து தண்டம் விதிக்கும். அடங்காதவனை ஊர் விலக்கி வைக்கும். கடலோர ஊரில் விலக்கம் கொடியது: படகில் ஆள் ஏறமாட்டான், நன்மை தீமைக்கு எவரும் வரமாட்டார். ஆகவே இங்கும் கட்டாயம் உண்டு. ஆனால் அக்கட்டாயம் கூடிப் பேசிய பிறகே வருகிறது. தண்டம் கட்டி மன்னிப்புக் கேட்டால் நீங்குகிறது. துப்பாக்கிக் குண்டைத் திரும்பப் பெறும் பஞ்சாயத்து எங்கும் இல்லை.

மூன்றாவது, இங்கும் சண்டை உண்டு. சோழமண்டலக் கரையில் வலையை அறுத்ததும், படகைப் பிடித்து வைத்ததும், கைகலந்ததும் பன்முறை நிகழ்ந்தவை. 1970களில் விசைப்படகுகளுக்கும் சிறு மீனவருக்கும் இடையே எழுந்த பூசல்களின் பின்னரே 1983ஆம் ஆண்டில் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. ஏரியில் தமிழ்நாட்டு, ஆந்திர மீனவருக்கிடையே எல்லைத் தகராறுகளும் எழுந்ததுண்டு. ஆயினும் கம்போடு வந்தவன் பெரும்பாலும் காயத்தோடு வீடு திரும்புகிறான். மறுவாரம் அதே ஆள் கூட்டத்தில் எதிரே அமர்கிறான். கருவி சிறிதாயிருப்பதால் சமாதானத்திற்கு ஆள் மிஞ்சுகின்றனர்.

5. பட்டியலுக்கு வெளியே

இதுவரை கூறியதைக் கொண்டு, "அமெரிக்கர் அஞ்சுகின்றனர், நாம் பகிர்ந்துகொள்கிறோம்" என்று நாம் பெருமை பாராட்டுவோமாயின், பாதி உண்மையையே கண்டவராவோம். பாட்டில் பங்கு பெறுவோர் யார்? பரம்பரையாக மீன்பிடிக்கும் பட்டினவர் குலத்து ஆண்கள். ஏரியில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அதில் இடமில்லை. வயல்வேலை குறைந்தபோது வலையெடுத்த தலித் மக்களுக்கும் இடமில்லை. மீனைக் கூடையிற் சுமந்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்குத் தலைக்கட்டு இல்லை. இறால் ஏற்றுமதி வளர்ந்து பாட்டின் மதிப்பு உயர்ந்தபோது, இந்த எல்லைக்கோடு மேலும் உறைப்பாயிற்று. வெளியே நிற்போருக்குப் பாடு முறை அமைதியாகத் தோன்றாது; அடைத்த கதவாகவே தோன்றும்.

அடைப்பதற்கும் காரணம் உண்டென்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். முகத்துவாரம் தூர்ந்துபோகிறது, மீன்வளம் குறைகிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டம் கரையையும் ஏரியையும் அரித்துவிடும் என ஊர்கள் அஞ்சி எதிர்த்து வந்துள்ளன. குறைந்துவரும் பங்கை இன்னும் பலரோடு பிரித்தால் என்ன மிஞ்சும் என்று பட்டினவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிளின்ட் நகரத் தொழிலாளியும் இதே அச்சத்தோடுதான் தொடங்கினான் என்பதை மறத்தலாகாது. இருப்பது குறையும்போது, வெளியே நிற்பவன் பகைவனாகத் தோன்றுகிறான். அங்கே அவ்வச்சம் துப்பாக்கியாயிற்று. இங்கே அது பட்டியலாயிற்று. இரண்டும் ஒன்றென நாம் கூறவில்லை. பட்டியலைத் திருத்தலாம், அதில் ஒரு பெயரைச் சேர்க்கலாம். அதுவே அதன் மேன்மை. ஆனால் திருத்தாத பட்டியலும் பசியால் கொல்லும்.

6. நம் சபைகளின் முன் நிற்கும் கேள்வி

2015ஆம் ஆண்டில் சார்ல்ஸ்டன் நகரின் கறுப்பினச் சபையொன்றில், வேதபாடத்தில் தங்களோடு அமரவைத்த ஒருவனாலேயே ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2017ஆம் ஆண்டில் டெக்சாசின் சதர்லேண்டு ஸ்பிரிங்ஸ் சபையில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019ஆம் ஆண்டில் அதே மாநிலத்தின் மற்றொரு சபையில், இருவரைச் சுட்டவனைச் சபையின் ஆயுதக் காவலர் சில நொடிகளில் வீழ்த்தினார். இதனால் அங்கே பல சபைகள் ஆயுதம் ஏந்திய காவல் குழுக்களை அமைத்துள்ளன. தொலைவிலிருந்து இதை எளிதில் பழிப்பது முறையன்று. தன் மந்தையின் பிணங்களை அடக்கம் செய்த ஆயர் எடுக்கும் முடிவை, அந்நிலையை அறியாத நாம் தீர்ப்பிடல் ஆகாது. ஆனால் வாயிலில் வரும் அயலானை வரவேற்பதா, அளவெடுப்பதா என்னும் கேள்வி அச்சபைகளில் ஒவ்வொரு ஞாயிறும் எழுகிறது. அமெரிக்காவிலுள்ள தம் மக்களைப் பற்றிக் கலங்கும் பெற்றோரோடு பேசும் ஆயர், துப்பாக்கியைப் பற்றி மட்டும் பேசாமல் இக்கேள்வியைப் பற்றியும் பேசுதல் நலம்.

நம் சபைகளில் துப்பாக்கி இல்லை. ஆனால் வழக்குகள் உண்டு. பூட்டிய கதவுகள் உண்டு. தேர்தல் பட்டியலில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்னும் சச்சரவு உண்டு. யாரும் நமக்காக வரமாட்டார் என்று எண்ணும் பிரிவுகள் நம்மிடையேயும் வழக்கறிஞரைக் காவலராகக் கொள்கின்றன. இங்கும் நோய் அதுவே.

எனவே, ஏரிக்கரையிலும் பிற இடங்களிலும் ஊழியம் செய்யும் ஆயர்களும் அங்குச் செல்லவிருக்கும் மாணவர்களும் இரண்டு செயல்களைக் கருதுவாராக. ஒன்று, ஊர்ப்பஞ்சாயத்தையும் பாட்டையும் பழமை என்று ஒதுக்காமல் கற்றுக்கொள்ளுதல். நம் கூட்டங்கள் அறியாத பொறுமையும் நுட்பமும் அவற்றில் உள்ளன. மற்றொன்று, பட்டியலுக்கு வெளியே நிற்கும் இருளரிடமும் பெண்களிடமும் சென்று, "உங்களுக்குத் தீங்கு நேர்ந்தால் யார் வருவார்?" என்று கேட்டறிதல், அவர்கள் விடையை ஊரார் முன் எடுத்துரைத்தல். இது எளிதன்று. பங்கு கேட்கும் அயலானுக்காகப் பேசுவோன், பங்குடையோரின் கோபத்திற்கு ஆளாவான்.

தம் முறை வரும் என்று நம்பக்கூடிய மனிதர் ஆயுதம் தேடுவதில்லை. அந்நம்பிக்கை தானாக உண்டாவதன்று. கூட்டம் கூட்டி, பெயர் எழுதி, சீட்டுப் போட்டு, தவறியவனைக் கண்டித்து, மீண்டும் சேர்த்துக்கொண்டு, நாள்தோறும் உண்டாக்கப்பட வேண்டியது. பழவேற்காட்டு மீனவர் தங்களுக்குள் அதைச் செய்து காட்டியுள்ளனர். அவ்வட்டத்தை விரிவாக்கும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. அப்பணியில் நமக்கும் பங்குண்டு.